நடுவில் ஓர் ஊர்

ஒன்றிரண்டு நிமிடம் முன்னதாகவே கண்ணைத் திறந்துவிட்டேன். குற்றம் என்று சொல்ல அதில் ஏதுமில்லை, யாரும் பார்க்கவுமில்லை. ஆனாலும் படம் பார்த்து மாதங்கள் பல ஆகியும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் குதிகாலில் ஒடிந்த முள் மாதிரி உள்ளேயே நிற்கிறது; நடக்கும்போது மறந்துவிடுகிறது, நின்றால் குத்துகிறது. படத்தின் பெயர் ‘சம்சாரா’. ஸ்பெயினின் கலீசியப் பகுதியைச் சேர்ந்த லோயிஸ் பாத்தினோ 2023இல் எடுத்தது. (பெண்டாட்டியைச் சம்சாரம் என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தத் தலைப்பு கொஞ்சம் சிரிப்பு மூட்டும். பிறப்பும் இறப்புமாகச் சுழலும் பெருஞ்சக்கரத்தை அடுப்படியில் கொண்டுவந்து நிறுத்திய மொழி நம்முடையது.) லாவோஸில் மோன் என்ற மூதாட்டி சாகக் கிடக்கிறாள். படகில் ஆற்றைக் கடந்து வரும் ஒரு பையன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, செத்தபின் உயிர் போகும் வழியைச் சொல்லும் திபெத்திய நூலை வாசித்துக் காட்டுகிறான். அவள் இறந்ததும் திரையில் எழுத்து வருகிறது: அவளோடு நீங்களும் போகலாம், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்கிற பொருளில். சுமார் 15 நிமிடம். பார்க்க வந்தவர்களைப் பார்க்காதே என்று சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? இமைக்கு வெளியே ஒளி மின்னி மின்னி அணைகிறது. காதில் தண்ணீர், காற்று, இன்னதென்று தெரியாத முழக்கங்கள். கண்ணைத் திறக்கும்போது ஆப்பிரிக்கக் கரையோரத்துத் தீவான சான்சிபாருக்கு வந்திருக்கிறோம். அங்கே ஓர் ஆட்டுக்குட்டி பிறக்கிறது.

நான் அதைப் பார்த்தது ஆம்பூரில், ரயில் பாதைக்கும் பாலாற்றுக்கும் நடுவிலிருக்கும் ஒரு மொட்டைமாடி அறையில், லேப்டாப்பில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. இப்படிப்பட்ட படத்தை அப்படிப் பார்ப்பதே பாவம் என்பார்கள் திரைவிழாக்காரர்கள். நமக்கு வாய்த்தது அதுதான். கண்ணை மூடிய முதல் சில நிமிடம் கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது. இமைக்குள் சிவப்பு பரவியது, கலைந்தது. ஏதோ ஓரிடத்தில் உடம்பின் கனம் குறைந்தாற்போலிருந்தது. அப்போது ஜன்னல் வழியே வாடை வந்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பினால் இரவில் வருகிற வாடை. கண்ணை மூடலாம், காதில் எதையாவது மாட்டிக்கொள்ளலாம், மூக்கை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? இத்தனைக்கும் நான் அதற்குள்ளேயே வளர்ந்தவன். ரயிலில் போகிறவர்கள் போர்டைப் பார்க்காமலே வாணியம்பாடி வந்துவிட்டது, ஆம்பூர் வந்துவிட்டது என்று சொல்லிக் கைக்குட்டையை எடுப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது. வெளியூரில் பத்து நாள் இருந்துவிட்டு வந்து இறங்கும் முதல் கால்மணி நேரம் மட்டும் தெரியும், பிறகு மூக்கு சமாதானமாகிவிடும். அன்றிரவு ஊரைவிட்டு எங்கும் போகாமலேயே எனக்கு அது அடித்தது. கண்ணைத் திறந்தேன். திரையில் வெறும் வண்ணம் மின்னிக்கொண்டிருந்தது. மோன் இன்னும் நடுவழியில் இருந்தாள்.

கிழவி ஆட்டுக்குட்டியானதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அந்தக் குட்டி ஒரு சிறுமியின் கையில் வளர்கிறது. பெண்கள் கடற்பாசி பயிரிடும் கரை, வெள்ளை மணல், நிதானமான வெயில். படத்தின் மிக அழகான பகுதி அதுதான். ஆனால் எங்கள் ஊரில் யாரும் ஆட்டை அங்கிருந்து ஆரம்பிப்பதில்லை. எங்கள் ஆடு முடிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கும். லாரியிலிருந்து இறங்கும்போதே அதற்கு ஆடு என்ற பெயர் போய்விட்டிருக்கும். சென்னை பெரியமேட்டு மண்டியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கல்கத்தா, கான்பூர் பக்கமிருந்தும் உப்புத் தடவி மடித்து அடுக்கிவரும் பச்சைத் தோல். மாட்டினுடையது ‘ஹைடு’, ஆட்டினுடையது ‘ஸ்கின்’. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கூட இந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தையை மாற்றிச் சொல்லமாட்டார். பழைய துணியைக் களைந்துவிட்டுப் புதுத்துணி உடுப்பது மாதிரி உயிர் உடம்பை மாற்றிக்கொள்கிறது என்ற கீதையின் உவமையைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னார். களைந்த துணி எங்கே போகும் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எதிர்த் தெருவுக்குத்தான் வரும்.

வந்த தோல் இரவெல்லாம் தண்ணீரில் ஊறும். உப்பும் ரத்தமும் சாணமும் கழன்று, அறுத்தபோது இருந்த பதம் திரும்பும். அதாவது முதல் வேலை, அதை மறுபடியும் செத்த நாளுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. பிறகு சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்து சதைப்பக்கம் பூசி மடித்து வைத்தால் மயிர் வேரோடு இளகிவிடும். சாய்வான மரக்கட்டையில் போட்டு மழுங்கல் கத்தியால் மயிரைத் தள்ளுவது பழைய முறை. இப்போது பெரும்பாலும் மெஷின். உட்பக்கத்துச் சவ்வை எடுக்க வேண்டும். அந்தச் சவ்வும் வீணாகாது, காய்ச்சினால் வஜ்ஜிரம். ஏறிய சுண்ணாம்பை இறக்கி, அமிலத்திலும் உப்பிலும் போட்டு, அப்புறம் டிரம்மில் ஏற்றுவார்கள். ஆளைவிட உயரமான மரப்பீப்பாய், படுத்தவாக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே குரோம் உப்பும் தண்ணீரும் தோலும் புரளும் சத்தம், யாரோ ஒரு பெரிய வயிற்றுக்காரர் ஓயாமல் ஏப்பம் விடுவது மாதிரி. மணிக்கணக்கில் சுற்றி வெளியே வரும்போது தோல் உள்ளும் புறமும் வெளிர்நீலமாகியிருக்கும். ‘வெட் புளூ’. ஆட்டுக்கு எந்தப் பிறவியிலும் அந்த நிறம் கிடையாது. சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். பச்சைத் தோல் அறுபது, அறுபத்தைந்து டிகிரியிலேயே சுருண்டுகொள்ளும். குரோம் ஏறியது கொதிநீரிலும் அப்படியே கிடக்கும். சுருங்கவில்லையென்றால் இனி அது அழுகப்போவதில்லை. கோவாவில் சவேரியாரின் அழியாத உடலைப் பார்க்க வரிசையில் நின்றுவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இருபது வருடம் டிரம் ஓட்டியவர். அழுகாமை அவருக்கு அன்றாடக் கூலி.

இதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாக ஏன் சொல்கிறேன் என்றால், பாத்தினோ கண்ணை மூடச் சொன்ன அந்த 15 நிமிடத்துக்குள் இதெல்லாம் இருக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. பட்டது சரியா என்று தெரியவில்லை. அவர் படமாக்கியது உயிரின் வழியை. நான் பேசுவது தோலின் வழியை. இரண்டும் ஒரே வாசலில் பிரிந்து வெவ்வேறு பக்கம் போகின்றன. ஆனால் ஒரு பிறவிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது, அதை வாழ்கிறவர் யாரும் பார்க்க முடியாது, ஒளியும் ஒலியுமாகத்தான் உணர முடியும் என்று ஒரு கலைஞன் சொல்லும்போது, அந்த நடு இடத்தில் வீட்டுவரி கட்டிக்கொண்டிருப்பவனுக்கு என்னவோ போலிருக்கிறது. (அவர் கையாண்ட நூல் விஷயத்திலும் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. லாவோஸ் தேரவாத பௌத்த நாடு. சாவுக்கும் பிறப்புக்கும் நடுவில் தங்குமிடம் ஒன்று உண்டு என்பதையே பழைய தேரவாதம் ஒப்புக்கொள்வதில்லை. 49 நாள் கணக்குச் சொல்லும் திபெத்திய நூலை மேகோங் கரையில் வாசிக்க வைத்தது இயக்குநரின் ஆசை. ஆசைதானே எல்லாப் பிறவிக்கும் காரணம், போகட்டும்.)

நைனா முப்பது வருடத்துக்கு மேல் தோல் ஷாப்பில் சுண்ணாம்பு வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் லைஃபாய் சோப்பை உடம்பில் வைத்துத் தேய்ப்பார், தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார், பவுடர் போட்டுக்கொள்வார். சோப்பு, எண்ணெய், பவுடர் மூன்றையும் தாண்டி அது வந்து எங்களோடு சாப்பிட உட்காரும். அவர் உள்ளங்கை வெளுத்து வழவழவென்றிருக்கும். குறிசொல்ல வந்த அம்மா ஒருமுறை அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஓடி ஓடி ஒழைச்ச கை சாமி” என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு என் அம்மாவின் கைக்குத் தாவிவிட்டாள். ரேகை இல்லை. ஆட்டின் மயிரைக் கழற்றிய சுண்ணாம்பு அவர் விரலையும் விட்டுவைக்கவில்லை. தோலைத் தொடுகிறவனை ஊருக்கு வெளியே வைத்ததும், போன பிறவியில் செய்ததற்கு இது என்று காரணம் சொன்னதும் ஒரே நாடுதான். அதனால்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்களில் பலர் மறுபிறப்புப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது அவர்களுக்குத் தத்துவமாக வந்து சேரவில்லை, வசவாகத்தான் வந்தது. அம்பேத்கர் தம் கடைசி நூலான ‘புத்தரும் அவர் தம்மமும்’ புத்தகத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நிதானமாக அவிழ்க்கிறார்: மறுபிறப்பு உண்டு, ஆனால் அது ஆன்மாவுக்கில்லை, உடம்பாகச் சேர்ந்திருந்த மூலப்பொருள்கள் கலைந்து மறுபடி சேர்வதுதான் அது என்று. நைனா அதைப் படித்ததில்லை. ஆனால் அதைக் கையால் செய்தவர்.

படம் பார்த்த மறுவாரம் ஒரு பாயைப் போய்ப் பார்த்தேன். நைனா இருந்த ஷாப்பில் செலக்‌ஷன் பார்த்தவர். எழுபது தாண்டியும் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் வந்து மேஜை முன் நிற்பார். தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால்பக்கம் ஒரு தடவு தடவினால் போதும், முதல் தரமா மூன்றாவதா என்று சொல்லிவிடுவார். வெட் புளூவில் மயிர்க்கால் துளைகள் மூன்று மூன்றாகத் தெரியும். அது ஆட்டின் முத்திரை, எந்தப் பீப்பாயில் சுற்றினாலும் போகாது. அதற்கு நடுவில்தான் மற்றதெல்லாம். “இங்க பாரு தம்பி, கோடு கோடா. முள்ளுக் காட்டுல மேஞ்சது. இது உண்ணி கடிச்சது. இது வேலில மாட்டிக்கினு இழுத்துக்கினுருக்குது.” அவர் விரல் ஒவ்வொன்றின்மேலும் நின்று நகர்ந்தது. எந்தச் சீமை ஆடோ, யார் மேய்த்ததோ. அது பட்டதெல்லாம் அங்கே எழுதியிருந்தது. “அப்ப இதுக்கு இன்னா தரம் பாய்?” “எவ்ளோ பட்டுதோ அவ்ளோ கீழ. ஒண்ணுமே படாதது ஃபர்ஸ்ட்டு. ரொம்பப் பட்டுதுன்னா தேச்சி எடுத்துட்டு மேல பெயின்ட் அடிச்சி, பிரின்ட் போட்டுடுவாங்க.” பூர்வஜென்ம ஞாபகத்தை நம் கதைகள் பெரிய ஞானமாகக் கொண்டாடுகின்றன. புத்தர் எல்லாப் பிறவியையும் கண்டார் என்கிறோம். தாய்லாந்தின் அபிசாத்போங் வீரசேதகுல் எடுத்து 2010இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய படமும் முற்பிறவிகளை நினைவுகூரும் பூன்மீ மாமாவைப் பற்றியது. இந்த மேஜையில் ஞாபகம் என்பது தள்ளுபடி. சதுர அடிக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொள்வார்கள்.

பாயிடம் படக்கதையைச் சொன்னேன். கிழவி சான்சிபாரில் ஆடாகப் பிறந்தாள் என்றதும், “அது முஸ்லிம் ஊரு ஆச்சே” என்று சிரித்தார். “எங்களுக்கு அதெல்லாம் இல்லப்பா. போனா போனதுதான். கியாமத் நாள் வரிக்கும் பர்ஸக்ல இருக்கணும்.” பர்ஸக் என்றால் என்ன என்று கேட்டேன். “நடுவுல இருக்குற எடம். தடுப்பு மாதிரி. இந்தப் பக்கமும் வரமுடியாது, அந்தப் பக்கமும் போவமுடியாது.” திபெத்திய நூல் அந்த நடு இடத்தைப் பார்தோ என்கிறது. பர்ஸக், பார்தோ. ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகள், ஒலியில் மட்டும் ஓர் ஒற்றுமை. இதிலிருந்து எதையும் கட்டக்கூடாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் அந்த நிமிடத்தில் ஷாப்பின் உள்ளே டிரம் சுற்றிக்கொண்டிருந்தது, பாயின் இரண்டு கையும் முழங்கைவரை நீலமாக இருந்தது.

தமிழ் மண்ணில் இந்த விஷயத்தைத் தொட்ட படமென்று யோசித்தால் ஒரு மலையாள இயக்குநரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’, 2023 ஜனவரியில் திரையரங்குக்கு வந்தது, எஸ். ஹரீஷ் எழுதியது, பழனிப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்தது. வேளாங்கண்ணி போய்விட்டு ஊர்திரும்பும் நாடகக் குழு ஒன்று. பஸ்ஸில் மதியத் தூக்கம். மம்முட்டி நடிக்கும் ஜேம்ஸ் விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி, சோளக்காட்டுக்குள் இறங்கி நடந்து, முன்பின் தெரியாத ஒரு கிராமத்து வீட்டுக்குள் தன் வீடு மாதிரி நுழைகிறான்; லுங்கி மாற்றிக்கொண்டு, சுந்தரமாகத் தமிழ் பேச ஆரம்பிக்கிறான். சுந்தரம் அந்த ஊரில் இரண்டு வருடம் முன்பு காணாமல் போனவன். தூங்குவது மாதிரி சாவு, விழிப்பது மாதிரி பிறப்பு என்கிற குறளைப் படம் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்கிறது. நம் மரபில் இதற்கு ஒரு மூத்த கதை உண்டு. சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் செத்துக்கிடக்க, மாடுகள் சுற்றி நின்று அழ, அந்த வழியாக வந்த யோகி மாடுகளின் துக்கம் பொறுக்காமல் மூலன் உடம்புக்குள் புகுந்தார்; திருமூலரானார். பிற்கால மரபு அந்த யோகிக்குச் சுந்தரநாதர் என்று பெயர் தருகிறது. ஜேம்ஸ் உடம்பில் வந்தவனும் சுந்தரம். தற்செயலாகவும் இருக்கலாம். திருமூலர் கதையில் எனக்கு எப்போதும் உறுத்துவது இரண்டு பேர். ஒன்று, வீட்டுக்குக் கூப்பிட வந்த மூலனின் மனைவி. உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிடுகிறார், தொட விடவில்லை. இன்னொன்று, யோகி பத்திரமாக வைத்துவிட்டு வந்த அவருடைய சொந்த உடம்பு. திரும்பிப் போனபோது அது இல்லை. ஈசன் மறைத்துவிட்டான் என்று கதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. எங்கள் ஊர்க்காரனுக்கு அந்த ஒரு வரி போதாது.

பெல்லிசேரியின் படம் அந்த இரண்டு பேரையும் மறக்கவில்லை என்பதால் அதன்மேல் எனக்குக் கூடுதல் பிரியம். கைவிடப்பட்ட உடம்புக்குரியவர்கள், அதாவது ஜேம்ஸின் மனைவியும் மகனும் நாடகக்காரர்களும், ஊரோரத்தில் இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். சுந்தரத்தின் மனைவி பூங்குழலி கதவோரம் நிற்கிறாள். குரல் அவனுடையது, நடை அவனுடையது, தோல் வேறு யாருடையதோ. அவள் ஒன்றும் சொல்வதில்லை. ரம்யா பாண்டியனின் அந்த மௌனம்தான் படத்தின் நடு இடம். படத்தில் நடித்த பூ ராமு அது வெளிவருவதற்கு முன்பே, 2022 ஜூனில், இறந்துபோனார். இப்போது யார் அதைப் போட்டாலும் அந்த மதிய வெயிலில் அவர் நடமாடுகிறார். சினிமாவின் மறுபிறப்பு இவ்வளவுதான், இவ்வளவும்தான்.

எனக்கு இன்னும் நெருக்கமாக வந்த படம் ஒன்றிருக்கிறது. இத்தாலியின் மிக்கேலாஞ்சலோ ஃப்ரம்மார்த்தினோ எடுத்த ‘லெ குவாத்ரோ வோல்தே’, 2010. கலாப்ரியா மலைக்கிராமம், பேச்சே இல்லை. ஆடு மேய்க்கும் கிழவர் இறக்கிறார், ஆட்டுக்குட்டி பிறக்கிறது. இங்கும் ஆடுதான், இந்த உலகத்துக் கலைஞர்களுக்கு உயிர் போய்த் தங்க ஆட்டை விட்டால் வேறு கிடைக்கவில்லை போலும். ஆனால் இவர் ஆட்டோடு நிற்கவில்லை. மந்தையைத் தவறவிட்ட குட்டி ஒரு மரத்தடியில் போய் ஒண்டுகிறது. பிறகு அந்த மரம். ஊரார் மரத்தை வெட்டித் திருவிழாவுக்கு நட்டு, பிறகு துண்டுபோட்டுக் கரி சுடுகிறவர்களிடம் தருகிறார்கள். கரி மூட்டம் போடுவதைப் படம் அவசரப்படாமல் காட்டுகிறது: கட்டைகளை அடுக்கி, வைக்கோல் மூடி, மண் போட்டு, மண்வெட்டியால் தட்டித் தட்டி, புகை கிளம்பும் துளைகளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து. முகமெல்லாம் கரி. அங்கே உயிர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போவதில்லை. யாரோ சுமந்து கொண்டுபோய் விடுகிறார்கள். அவர்கள் இருமுகிறார்கள். கண்ணை மூடச் சொல்லாத படம் அது.

2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில், தோல் ஷாப்புகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில், சேற்றைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்திருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றுக்குள் தூக்கத்திலேயே போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தூங்குவது மாதிரி சாவு என்கிற உவமையை அன்றிலிருந்து என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. உவமைக்கு இரண்டு பொருள் வேண்டும், அங்கே ஒன்றுதான் இருந்தது. அந்தச் சேறு என்ன என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மயிர், சவ்வுத் துணுக்கு, சுண்ணாம்பு, உப்பு, தோலில் ஏறாமல் தங்கிய குரோம். ஆட்டிலிருந்து ஷூவுக்குப் போகும் வழியில் மறுபிறவி கிடைக்காமல் நின்றுபோனதெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தது. ஒவ்வொரு பிறவி மாற்றத்திலும் அப்படி ஒரு மிச்சம் இருக்கத்தானே வேண்டும்? மோன் ஆடானபோது ஆட்டுக்குள் கொள்ளாத அவளுடைய மிச்சம் எங்கே விழுந்தது? திபெத்திய நூலிலும் அதற்கு ஒரு தொட்டி இருக்குமா? இப்படிக் கேட்பது ஒரு நல்ல படத்துக்குச் செய்யும் அநியாயம் என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். இருக்கலாம். அவர் கோயம்புத்தூர்க்காரர்.

ஆற்றைப் பற்றி அதிகம் எழுதியாகிவிட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்பது இந்தியச் சட்டத்துக்குள் அழுத்தமாகப் பதிந்தது எங்கள் பாலாற்றால்தான். 2025 ஜனவரியில் மறுபடி ஒரு தீர்ப்பு. நடுவில் 2021 நவம்பரில் ஆறு தானாகவே எழுந்து வந்தது. மணல் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பாலத்தில் நின்று செல்போனில் பிடித்தார்கள். நைனாவும் பார்க்க வந்தார். கைப்பிடிச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இது பழைய ஆறு இல்லடா” என்றார். என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, “வாசனை வேற” என்றார். அவருக்கு வாசனை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தப் படத்தை மறுபடி பார்த்து, இந்தமுறை கடைசிவரை கண்ணை மூடியே இருந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. இன்னொரு நாள் விடிகாலையில் போட்டேன். மோன் சாவதற்குள் ஷூ கம்பெனி பஸ்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன, தெருமுனையில் பெண்கள் டிபன் பையோடு ஓடும் செருப்புச் சத்தம். ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

போன மாதம் நைனாவை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனேன். வழக்கம்போல விரலை வைத்தார், மெஷின் ஏற்கவில்லை. “தலைல தேச்சிட்டு வைங்க” என்றார் கடைக்காரர். தலையில் தேய்த்துவிட்டு வைத்தார். அடுத்த விரல், அடுத்த கை. பின்னால் வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டினார். “நான்தான்யா” என்றார் நைனா, மெஷினைப் பார்த்து. கடைக்காரர் இன்னொரு கருவியை எடுத்தார், கருவிழி பார்ப்பது, இப்போது புதிதாக வந்திருக்கிறது. அதை முகத்துக்கு நேராகப் பிடித்தார். சுண்ணாம்புத் தூள் பட்டுப் பட்டு இடுங்கிப்போன கண்கள். வெளிச்சத்தைக் கண்டதும் தானாக மூடிக்கொண்டன. “பெரியவரே, கண்ண மூடாதீங்க. நல்லாத் தொறங்க. இன்னும் கொஞ்சம். சிமிட்டாம இருங்க.” நைனா இரண்டு கையாலும் இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார். வெளுத்த விரல்களுக்கு நடுவில் கண் நீர்கோத்து நின்றது. கருவி ஒருமுறை சத்தம் போட்டது.

“வந்துட்டீங்க. பையப் புடிங்க” என்றார் கடைக்காரர்.